நான்காவது நிமிடத்தில் ஒரு தட்டல்

டீப் ஹவுஸ் என்கிற மின்னணு இசையை இரவில்தான் கேட்க வேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் அனுபவத்தில் அதற்கு ஏற்ற நேரம் காலை பதினொரு மணி. வீட்டு வேலை முடிந்திருக்கும், தெரு அடங்கியிருக்கும், காதும் களைத்திருக்காது. நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, கண்ணைத் திறந்து வைத்துக் கேட்க வேண்டும். கண்ணை மூடித் தலையாட்டுகிறவர்கள் கேட்பதில்லை, கேட்பதுபோல் காட்டிக்கொள்கிறார்கள்.

வாக்குமூலத்தை உங்கள் ஸ்டேஷன் ஆள் எழுதி, நான் கையெழுத்துப் போடுவதாகத்தான் ஏற்பாடு. அவர் எழுதியதைப் படித்தேன். முதல் பக்கத்திலேயே என் தம்பியின் இசையைச் 'சத்தமான டான்ஸ் பாட்டு' என்று போட்டிருக்கிறார். அதில் பாட்டும் இல்லை, சத்தமும் இல்லை. அதனால் நானே எழுதித் தருகிறேன். அறுபத்தாறு வயதாகிறது, கையெழுத்து இன்னும் நடுங்கவில்லை.

ஒரு மருத்துவமனையின் காது கேட்கும் திறனைச் சோதிக்கும் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். சத்தம் புகாத சின்னக் கூண்டு ஒன்று இருக்கும். வந்தவரை உள்ளே உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, மெல்லிய தொனிகளை ஒவ்வொன்றாக அனுப்புவோம். அவருக்குக் கேட்டதா இல்லையா என்பதுதான் எங்களுக்கு வேண்டும். என்ன கேட்டது, அதற்கு என்ன அர்த்தம் என்பது எங்கள் வேலையில் வராது. பழைய கூண்டை மருத்துவமனை கழித்துக்கட்டியபோது, பலகை பலகையாகப் பிரித்து வீட்டுக்குக் கொண்டுவந்து, பின்னறையின் மூலையில் மறுபடி பூட்டி நிறுத்தினேன். அப்போது அதில் வேறு நோக்கம் எதுவும் கிடையாது. நல்ல பொருள் வீணாகப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குடும்பத்தைப் பார்த்துக்கொள்ளவே எனக்கு நேரம் சரியாக இருந்தது. எங்கள் அப்பா தலைமையாசிரியர். ஒரு பள்ளிக்கூட மண்டபத்துக்கே அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். தங்கை எனக்குப் பதினாறு வயது இளையவள், தம்பி பதினெட்டு. அப்பாவும் அம்மாவும் போன பிறகு இருவருக்கும் நான்தான் எல்லாம். தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. மூச்சு முட்டும்போது எத்தனை முறை அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடியிருக்கிறேன் என்பதற்கு எண்ணிக்கை இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தினமும் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு வருவான். அதனால் வீட்டில் அவனுக்கு ஒத்தச்செருப்பு என்று பெயர். பின்னால் ஆல்பத்தின் அட்டையிலும் அதே பெயரைப் போட்டுக்கொண்டான். எங்கள் பரம்பரைப் பெயரைப் போடாமல் விட்டானே என்று நிம்மதியாக இருந்தது.

முதல் ஆல்பம் 'கடைசிப் பேருந்து'. அதை அவன் சுதந்திரமாக, ஊரைச் சுற்றிக்கொண்டு, நாலு வருடம் எடுத்துச் செய்தான். ரசிகர்கள் கொண்டாடினார்கள். என்னைக் கேட்டால் அதில் ஆள் நடமாட்டம் அதிகம். பின்னணியில் யாரோ சிரிக்கிறார்கள், யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள். நிமிடத்துக்கு நூற்றிருபது முறை விழும் அந்தக் கனத்த அடி, அதன் அடியில் நகரும் பேஸ் என்கிற தாழ்ந்த ஒலி, மேலே மெல்ல நிறம் மாறும் ஸ்வரக் கூட்டு. இவை மூன்றும் போதும் என்பது அவனுக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை. நான் கற்றுக்கொடுத்ததாகச் சொல்ல மாட்டேன். தெரிந்துகொள்ள வேண்டிய சூழ்நிலையை அமைத்துக்கொடுத்தேன்.

இரண்டாவது ஆல்பத்துக்காக ஒரு பழைய கேசட்டை எடுத்துக்கொண்டு வந்தான். ஏழெட்டு வயதில் அவனே பதிவு செய்தது. அதில் அப்பா அம்மாவை ஏசுகிறார். பிறகு ஏதோ விழுந்து உடைகிறது. அப்பாவின் குரலை வெட்டியெடுத்து, அடியின் மேல் திரும்பத் திரும்ப ஓடவிடப் போகிறானாம். ஒரு பத்திரிகைப் பேட்டியில் அது யார் குரல் என்று சொல்லவும் போகிறானாம்.

"பதினாலு செகண்ட்தான் அண்ணா" என்றான்.

"பதினாலு செகண்ட்ல ஒரு குடும்பத்தோட மானம் போயிடும்" என்றேன்.

"போகட்டும். அம்மாவுக்கு இருந்த மானமும் அதே குடும்பத்தோடதுதானே."

அன்று மதியம் அவன் பின்னறையில் படுத்துத் தூங்கியதும் வெளியே தாழ்ப்பாள் போட்டேன். மூன்று வாரம் யோசிக்கட்டும் என்றுதான் நினைத்தேன். அந்த அறைக்குக் குளியலறை உண்டு. ஜன்னலை ஏற்கெனவே செங்கல் வைத்து அடைத்திருந்தேன். சுவர்களுக்கும் நானே பஞ்சுப் பலகை அடித்தேன். கேசட்டை அடுப்பில் போட்டேன். முதல் மாதம் கத்தினான். இரண்டாவது மாதம் பேச்சை நிறுத்தினான். மூன்றாவது மாதம், "என் ஸ்பீக்கரையாவது கொடுங்க" என்று கேட்டான். கொடுத்தேன், கம்ப்யூட்டரையும் இணைய இணைப்பை எடுத்துவிட்டுக் கொடுத்தேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

அதிலிருந்து ஏழு வருடம்.

'பதினொரு அடி' ஒன்றரை வருடத்தில் முடிந்தது. அந்த அறையின் நீளம் பதினொரு அடி. தலைப்புக்காக அவன் தூரம் போகவில்லை. அதன் அடக்கத்தை என்னால் மறக்க முடியாது. பேஸ் ஒரு மூலையிலிருந்து புறப்படும், எதிர்ச்சுவர் வரை வரும், திரும்பிப் போகும். அடுத்தது 'மேல்வீட்டுக் குழாய்'. சுவருக்குள் தண்ணீர் இறங்கும் ஒலியை வைத்தே ஒரு மணி நேர இசை. யாருக்கு வரும் அந்தப் பொறுமை? இசைத்தட்டு வெளியிடுகிறவர்களுக்கு அவன் பெயரில் நான்தான் கடிதம் எழுதினேன். யாரையும் சந்திப்பதில்லை, வெளிநாட்டில் தனியாக இருக்கிறேன் என்று அதில் போட்டேன். முகம் காட்டாத கலைஞன் என்று மதிப்பு இன்னும் கூடியது. தங்கையிடமும் அதையே சொல்லி வைத்திருந்தேன். மாதம் ஒரு முறை அவன் பெயரில் அவளுக்கு நாலு வரி போகும். அவளும் அந்த ஆல்பங்களைத் தன் வீட்டுச் சமையலறையில் ஓடவிட்டு வேலை செய்வாள்.

ஒவ்வொரு ஆல்பத்தையும் வெளியே அனுப்புவதற்கு முன்னால் ஹெட்போனை மாட்டி நாற்பது முறையாவது கேட்பேன். எங்கேயாவது ஒரு முணுமுணுப்பை ஒளித்து வைத்திருப்பான். கண்டுபிடித்து எடுத்துவிடுவேன். ஒரு முறை ஸ்வரக் கூட்டுக்குள் தன் பெயரையும் எங்கள் தெருவின் பெயரையும் நுழைத்திருந்தான். அதை எடுக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. எடுத்த பிறகு அந்த இடம் இன்னும் சுத்தமாக இருந்தது. குரலை நீக்கியதால்தான் அவன் உயர்ந்தான் என்று பெரிய விமர்சகர்களே எழுதினார்கள். யார் நீக்கினார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. அந்தப் பாராட்டை நானும் எதிர்பார்க்கவில்லை.

ஒரு ரசிகனாக நானும் எழுதிக்கொண்டிருந்தேன். இந்த இசைக்கென்றே ஒரு இணையப் பக்கம் இருக்கிறது. அங்கே என் பெயர் 'பழைய காது'. நாற்பது பேராவது என் குறிப்புகளுக்காகக் காத்திருப்பார்கள். என் தவறு அங்கேதான் நடந்தது. அண்ணனாக நான் ஒரு தவறும் செய்யவில்லை. ரசிகனாகச் செய்தேன்.

போன மாதம் நான்காவது ஆல்பம் வந்தது. அதன் மூன்றாவது இசையைப் பற்றி இப்படி எழுதினேன்: "நான்காவது நிமிடத்தில் எல்லாம் நின்றுவிடுகிறது. கதவில் விரல் முட்டியால் தட்டுவதுபோல் மூன்று. ஒரு இடைவெளி. பிறகு இரண்டு. இவர் இதுவரை செய்ததிலேயே மனிதத்தன்மை மிகுந்த இடம் இதுதான். தவறவிடாதீர்கள்."

தங்கை தவறவிடவில்லை. அவளும் அந்தப் பக்கத்தைப் படிப்பாள் என்பது எனக்குத் தெரியாது. சமையலறை இரைச்சலில் அத்தனை நாளும் அவள் காதில் விழாதது, நான் சுட்டிக்காட்டியதும் விழுந்துவிட்டது. போன் செய்தாள். சனிக்கிழமை வருகிறேன், அவன் முகவரியை எடுத்து வையுங்கள் என்றாள். அவள் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

விருந்தாளி வந்தால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தம்பி கட்டிலிலிருந்து எழுந்து பின்னறை மூலையிலுள்ள கூண்டுக்குள் போய்விட வேண்டும். நான் அதைப் பூட்டி, அதற்குக் காற்று தரும் சின்ன மின்விசிறியை நிறுத்திவிடுவேன். அதன் உறுமல் ஹால் வரை வரும். மற்றபடி அந்தக் கூண்டிலிருந்து ஒரு துளி ஒலியும் வெளியே வராது. வருகிறவர்கள் அரைமணி நேரத்தில் போய்விடுவார்கள். எங்கள் வீட்டில் யாரும் அதற்கு மேல் உட்கார்ந்ததில்லை. அன்று உள்ளே போகும்போது தம்பி, "வர்றது யாரு?" என்று கேட்டான். தெரிந்தவர்தான் என்றேன். தன் மைக்கையும் எடுத்துக்கொண்டு போனான். வேலை நிற்கக் கூடாது என்ற எண்ணம் எனக்குப் பிடித்திருந்தது. அவனுடைய இழுப்பு மருந்து பின்னறை மேசையிலேயே இருந்துவிட்டது. அதை நான் பிறகுதான் பார்த்தேன்.

தங்கை காலை பத்து மணிக்கு வந்தாள். டீ குடித்தாள்.

"இந்தப் பழைய காது யாருன்னு தெரியல அண்ணா. ஆனா உங்களை மாதிரியே எழுதறாரு. ஒரு பாராட்டுக்கு மூணு குறை" என்றாள். நானும் சிரித்தேன்.

பிறகு முகவரி கேட்டாள். தேடித் தருகிறேன் என்றேன். தேடுங்க, நான் உட்கார்ந்திருக்கேன் என்று அலமாரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள். நகரவில்லை. மதியச் சாப்பாட்டையும் அங்கேயே முடித்தாள்.

நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். அலமாரியில், அவள் தலைக்கு மேல், பருப்பு அளவில் ஒரு பச்சை விளக்கு உண்டு. கூண்டில் உட்காருகிறவர் கையில் ஒரு பட்டன் இருக்கும். தொனி கேட்டால் அமுக்குவார், வெளியே விளக்கு எரியும். தம்பிக்கு ஏதாவது தேவைப்பட்டால் கூப்பிட வசதியாக இருக்கட்டும் என்று அந்தக் கம்பியை ஹால் வரை இழுத்திருந்தேன். இரண்டு மணி வாக்கில் விளக்கு மினுங்கத் தொடங்கியது. மூன்று. இடைவெளி. இரண்டு. ஆல்பத்தில் இருந்த அதே வேகம், பிசகே இல்லை.

அப்போதுதான் தங்கை அதைச் சொன்னாள்.

"நீங்க அப்போ வேலைக்குப் போயிட்டீங்க, உங்களுக்குத் தெரியாது. அப்பா கை ஓங்கினா அம்மா எங்க ரெண்டு பேரையும் சாமான் அறைக்குள்ள தள்ளிப் பூட்டிடுவாங்க. அவர் வெளிய போனதும் வந்து தட்டுவாங்க. மூணு, அப்புறம் ரெண்டு. இனிமே பயமில்ல, வெளிய வரலாம்னு அர்த்தம். இது எங்க மூணு பேருக்கு மட்டும்தான் தெரியும். அம்மா போயிட்டாங்க. நான் தட்டல."

அவள் தலைக்கு மேல் விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது.

"ஏதோ தற்செயலா அமைஞ்சிருக்கும்மா" என்றேன்.

"அவனை எங்க வச்சிருக்கீங்க அண்ணா?"

பெரியவரிடம் பேசும் முறை அது இல்லை என்று சொன்னேன். அவள் எழுந்து வீடெல்லாம் நடந்தாள். பின்னறைக் கதவின் முன் நின்று தன் விரல் முட்டியால் தட்டினாள். மூன்று, இரண்டு. காதை வைத்துக் காத்திருந்தாள். கூண்டின் வேலைப்பாட்டை அன்று முழுமையாகச் சோதித்தது அவள்தான். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சாவி எங்கே என்றாள். தொலைந்துவிட்டது என்றேன். தலை நிமிராமல் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள்.

நாலு மணிக்கு விளக்கு மினுங்குவதை நிறுத்தி, ஒரேயடியாக எரியத் தொடங்கியது. தொனி இல்லாதபோதும் பட்டனை விடாமல் அமுக்கிக்கொண்டிருப்பவர்களை என் வேலையில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய பதிலை நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை. தாளின் ஓரத்தில் 'நம்பத்தக்கதல்ல' என்று எழுதிவிட்டு, இன்னொரு நாள் வரச் சொல்லி அனுப்புவோம். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். தங்கை ஆறு மணிக்குக் கிளம்பினாள். மறுநாள் காலை உங்களோடு வந்தாள்.

நான் அவனைக் கொன்றேனா என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். கூண்டைப் பூட்டியது நான். காற்றை நிறுத்தியது நான். விளக்கை இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை பார்த்துக்கொண்டிருந்ததும் நான். அதன் அர்த்தம் தெரிந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எழுந்து போயிருந்தால் தங்கைக்குத் தெரிந்திருக்கும், பிறகு ஊருக்கு, பிறகு அப்பா பெயர் வைத்த அந்த மண்டபத்தில் உட்காரும் பிள்ளைகளுக்கு. அவள் போன பிறகு கூண்டைத் திறந்தபோது அவன் பட்டன் மேல் சாய்ந்திருந்தான். கட்டிலில் படுக்க வைத்து, தலை வாரிவிட்டேன். இதில் எதையும் நான் மறுக்கவில்லை.

கூண்டுக்குள் மைக் ஓடிக்கொண்டிருந்தது, எட்டு மணி நேரமும் பதிவாகியிருக்கிறது என்று இன்று காலை சொன்னீர்கள். மூச்சும் தட்டலுமாகப் போகிறது, சத்தம் அடங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் 'அண்ணா, அண்ணா' என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான், கேட்கச் சகிக்கவில்லை என்றீர்கள். நீங்கள் அதை இப்போது இருக்கிற நிலையில் கேட்கிறீர்கள், அதனால்தான். எனக்கு ஒரு நல்ல ஹெட்போனும் மூன்று நாளும் கொடுங்கள். குரலை மட்டும் எடுத்துவிட்டுத் தருகிறேன். அவன் செய்ததிலேயே சிறந்தது அதுவாகத்தான் இருக்கும்.