குரலில் தெளிவு போதாது

— "பதினான்காம் தேதி, செவ்வாய். சிறு பிழை ஒன்று. காலை ஏழு முப்பத்தெட்டுக்குப் போட்ட பாட்டின் நீளம் மூன்று நிமிடம் இருபது விநாடி. அவசரத்தில் மூன்று பத்து என்று குறித்துவிட்டேன். என் கவனக்குறைவுதான்." இது உன் கையெழுத்துதானே?

— ஆமா சார். நேத்து எழுதினது.

— பத்து விநாடிக்கு வருத்தப்பட்டிருக்கே. அந்தப் பாட்டே தலைமை நிலையத்துலேருந்து வந்த பட்டியல்ல இல்ல. அதைப் பத்தி ஒரு வரியைக் காணோம்.

— அது பதிவேட்டுல பிழைக் கட்டம் சார். பிழையை மட்டும்தான் அதுல எழுதணும்.

— பாரும்மா, நான் இந்த வானொலியில பதினாறு வருஷமாக் குப்பை கொட்டறேன். நீ மாலை வகுப்புல வாங்கின சான்றிதழைத் தூக்கிட்டு வந்து எட்டு மாசம் ஆகல.

— ஏழு மாசம் இருபது நாள்.

— அதையும் எண்ணி வச்சிருக்கியா? சரி, கேளு. விடிஞ்சதும் விடியாததுமாத் தலைமை நிலையத்துலேருந்து போன். பட்டியல்ல இல்லாத பாட்டு எப்படி ஏறுச்சுன்னு கேக்கறாங்க. நம்ம சொந்தக்காரங்க யாரையாவது தூக்கிவிடறமான்னு வேற ஒரு கேள்வி. நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. ஒரே வழிதான். இந்தக் கடுதாசியில கையெழுத்துப் போடு. "பொத்தான் மாறி அழுத்தியதால் தவறுதலாக ஒலிபரப்பானது." அதோட விஷயம் அடங்கிடும்.

— போடலேன்னா?

— நாளைலேருந்து வர வேண்டாம். நான் சொல்லல, அவங்க சொல்றாங்க.

— நான் பொத்தான் மாத்தி அழுத்தல சார். எதையும் ரெண்டு தடவை சரிபார்க்கலேன்னா எனக்குக் கை ஓடாது. நேத்து மூணு தடவை பார்த்தேன்.

— அந்தப் பாட்டுக்கார அம்மா உனக்கு என்ன முறை? சித்தியா, அத்தையா?

— யாருமில்ல. முகம்கூடத் தெரியாது.

— இப்பத் தெரியும். வெளியில பெஞ்சுல உக்காந்திருக்காங்க, நான்தான் வரச்சொன்னேன். தவறுதலா வந்ததுதான்னு இதுல அவங்க கையெழுத்தும் வேணும். உள்ள வாங்கம்மா. கதவைத் தள்ளுங்க, இழுத்தா வராது.

— வணக்கம் சாரே. நாற்காலி வேணாம், உடம்பெல்லாம் கிரீஸ். பஞ்சர் கடையை அப்படியே போட்டுட்டு வந்தேன், ஒரு லாரி ஜாக்கி மேல நிக்குது. என் பாட்டைப் போட்ட மகராசி இந்தப் பொண்ணா?

— நான்தான் அக்கா.

— இத்தனூண்டா இருக்கியே. நேத்துக் காலையில ஒரு டிரைவர் ஓடி வரான். அக்கா, ரேடியோவுல ஒரு பொம்பள அப்படியே உன்னை மாதிரி பாடுதுன்னான். என்னை மாதிரி என்னடா, நான்தான்டான்னேன். சிரிக்கிறான். அப்புறம் பாட்டுக்குப் பின்னால நம்ம கம்ப்ரஸர் டக்குடக்குன்னு ஓடிச்சு பாரு, அதைக் கேட்ட பிறகுதான் நம்பினான்.

— இதுக்குத்தாம்மா ஒலித்தரம்னு ஒண்ணு வச்சிருக்கோம்.

— அது நியாயம் சாரே. ஆனா நான் பாடி அனுப்பினதுக்கு நீங்க போட்ட பதில் கடுதாசியில கம்ப்ரஸரைப் பத்தி ஒரு பேச்சும் இல்லியே. "குரலில் தெளிவு போதாது"ன்னுல்ல இருந்துச்சு. எங்க வீட்டுக்காரர் படிச்சுட்டு, விடு கழுதை, இவங்களுக்கு என்ன தெரியும்னார். எனக்கு விட முடியல. ரெண்டு வருஷமாக் கடையில வாயே திறக்கறதில்ல. டயரைத் தட்டினா அதுபாட்டுக்குத் தாளம் வரும், நான் பல்லைக் கடிச்சுக்குவேன். நாலும் தெரிஞ்சவங்க காது கொடுத்துக் கேட்டுட்டுச் சொல்றாங்க, பொய்யாவா இருக்கும்?

— அக்கா, அவங்க கேக்கவே இல்ல.

— என்ன சொல்றே?

— ஏம்மா, அது ஆபீஸ் விஷயம்.

— அக்கா விஷயமும்தான் சார். வரிசையாச் சொல்றேன், தப்பா இருந்தாத் திருத்துங்க. போன வாரம் பழைய அலமாரியைத் துடைக்கச் சொன்னீங்க. கீழ்த்தட்டுல ஒரு அட்டைப்பெட்டி. அதுல நாப்பத்தோரு உறை, எல்லாம் நம்ம பக்கத்துப் பாட்டுக்காரங்க பாடிப் பதிவு பண்ணி அனுப்பினது. ஒவ்வொண்ணு மேலயும் ஒரு நம்பர், பதில் அனுப்பின தேதி, உங்க கையெழுத்து. பதிலோட நகல் கோப்புல இருந்துச்சு, எடுத்து ஒப்பிட்டேன். நாப்பத்தொண்ணுக்கும் ஒரே வரி. உறையில ஒண்ணுகூடப் பிரிக்கல. ஒட்டினது ஒட்டினபடி இருந்துச்சு.

— சாரே, இது நிஜமா?

— பாருங்கம்மா, பட்டியல் மேலேருந்து வருது. அதுல ஒண்ணை எடுத்துட்டு இன்னொண்ணைச் சொருக எனக்கு அதிகாரம் கிடையாது. உறையைப் பிரிச்சாக் கேக்கணும். கேட்டா ஏதாவது ஒண்ணு பிடிச்சுத் தொலையும். பிடிச்சதைப் போட முடியலேன்னா மனசு கிடந்து அடிச்சுக்கும். சேர்ந்த புதுசுல நான் பட்டது போதும்.

— உங்க மனசு அடிச்சுக்கக் கூடாதுன்னு எங்க தொண்டையில குத்தம் சொன்னீங்களாக்கும். டயரைக் கழட்டிக்கூடப் பாக்காம இது தேறாது, தூக்கிப் போடுன்னு நான் சொன்னா, கடைக்குப் பூட்டுப் போட்டுட்டுத்தான் மறுவேலை பார்ப்பாங்க.

— காரணம்னு ஒண்ணு எழுதியாகணும்ல. முதல்ல ஒருத்தருக்கு எழுதினேன். அப்புறம் அதுவே பழகிப்போச்சு.

— சரி, அந்தக் கடுதாசியைக் கொடுங்க இப்படி. வெளியில இருந்தப்பவே காதுல விழுந்துச்சு, இந்தப் பொண்ணு வேலை போகுதுன்னு. என் பாட்டு தவறுதலாத்தான் வந்துச்சுன்னு நானே போட்டுடறேன். ஒரு தடவை வந்துடுச்சு, எனக்கு அது போதும். இன்னொருத்தர் வயித்துல அடிச்ச பாவம் எனக்கு வேணாம்.

— பேனாவைக் கீழ வைங்க அக்கா.

— வீம்பு பிடிக்காத பொண்ணே. பாட்டு சோறு போடுமா?

— ஒண்ணு, அது பொய். ரெண்டு, நீங்களே அப்படி எழுதிட்டா உங்க பாட்டை இனி யாரும் தொட மாட்டாங்க. மூணாவது, அதை எனக்குச் சரியாச் சொல்லத் தெரியுமான்னு தெரியல. நேத்து இருபத்திமூணு பேர் போன் பண்ணினாங்க, எல்லாரையும் குறிச்சு வச்சிருக்கேன். ஒரு நர்சம்மா, பாட்டு முடியட்டும்னு இறங்க வேண்டிய இடத்துல இறங்காம பஸ்ஸுலேயே உக்காந்துட்டாங்களாம். கடைசியா ஒரு பெரியவர். நம்மள மாதிரிப் பேசறவங்க ரேடியோவுல பாடலாமா, அதுக்கு அனுமதி உண்டான்னு மட்டும் கேட்டார்.

— நீ என்ன சொன்னே?

— பாடலாம்னு சொன்னேன் சார். யாரையும் கேக்காமத்தான் சொன்னேன்.

— உன்னையெல்லாம் திருத்த முடியாது. கடைசியாக் கேக்கறேன். கையெழுத்துப் போடறியா, இல்லியா?

— போடறேன். கடுதாசியில இல்ல, பதிவேட்டுல. எழுதிக்கிட்டே படிக்கறேன், கேளுங்க. "பதினைந்தாம் தேதி, புதன். நேற்று ஏழு முப்பத்தெட்டுக்குப் பட்டியலில் இல்லாத பாட்டைத் தெரிந்தே போட்டேன். முழுதாகக் கேட்டுப் பார்த்த பிறகே போட்டேன்." கீழ என் கையெழுத்து. இதை நகல் எடுத்து அனுப்பிடுங்க.

— இது போய்ச் சேர்ந்த நிமிஷமே உன் சீட்டைக் கிழிச்சுடுவாங்க.

— தெரியும் சார்.

— ஐயோ பொண்ணே. எனக்காக ஏன் இப்படி நிக்கறே? நீயும் பாடுவியா?

— இல்லக்கா. இப்ப இல்ல.

— ஒண்ணு மட்டும் சொல்லு. நாப்பத்தோரு உறை இருந்துச்சே, இவங்களோடதை எதுக்கு எடுத்தே? மேல இருந்துச்சா?

— இல்ல சார். முதல்ல வேற ஒரு உறைதான் கையில வந்துச்சு. அதைப் பிரிக்கத் தைரியம் வரல. நிஜமாவே நல்லா இல்லாமப் போயிட்டா என்ன பண்றது? அதை உள்ள வச்சுட்டு, கண்ணை மூடிக்கிட்டு இன்னொண்ணை எடுத்தேன். அது அக்காவோடது.

— அந்த முதல் உறை யாரோடது?

— நாளைக்கு நான் இருக்க மாட்டேன், காலைப் பொறுப்பு உங்களோடது. நாளைய வேலைக் கட்டத்துல எழுதியிருக்கேன். நீங்களே படிங்க சார்.

— "நாளைய வேலை: பதினோராம் உறையைப் பிரித்து, முழுதாகக் கேட்டு, அதன் பிறகு பதில் எழுத வேண்டும். பாடி அனுப்பியவர், இந்தப் பதிவேட்டை இன்றுவரை எழுதியவர்."