சாவி, வாட்ச், ஹேர்ப்பின்

…மெஷின் மேல குத்தம் சொல்லாதீங்க தம்பி, மெஷின் தங்கம். இந்த லேப்ல இருபது வருஷமா உதவியாளரா இருக்கேன், எனக்குத் தெரியாதா? நில்லுங்க, நில்லுங்க! கம்பெனி மெக்கானிக்னாலும் ரூல் ரூல்தான். சாவியை அந்தத் தட்டுல போடுங்க. வாட்ச்சும். பெல்ட்டு பக்கிள் இரும்பா? கழட்டுங்க. பேன்ட்டைக் கையில பிடிச்சுக்கங்க, ஒண்ணும் ஆகாது. எங்க புரொபசரே அப்படித்தான் உள்ள வருவாரு.

இங்க என்ன அளக்கறாங்கன்னு உங்ககிட்ட யாராவது சொன்னாங்களா? சொல்ல மாட்டாங்களே! ஒரு மூலக்கூறு. இந்த முனை எலக்ட்ரானைக் குடுக்கறது, அந்த முனை வாங்கறது, நடுவுல சங்கிலி மாதிரி ஒரு இணைப்பு. வெளிச்சம் பட்டதும் எலக்ட்ரான் ஒண்ணு இங்கேருந்து அங்க தாவிடும். அதோட ஜோடி இங்கயே நிக்கும். ரெண்டுமே குட்டிக் காந்தம். ஒண்ணு இருக்கறது இன்னொண்ணுக்குத் தெரியும்… எங்க வீட்டுக்காரரும் நானும் கோவிச்சுக்கிட்டு ஆளுக்கொரு ரூம்ல உக்காந்திருப்போமே, அப்படி. எப்போ திரும்பி வந்து சேருதுங்கறதுதான் அளவு. பக்கத்துல வேற ஒரு காந்தம் வந்தாப் போச்சு, அந்த நேரமே மாறிடும். எங்க நாத்தனார் நடுவுல வந்து உக்காந்த மாதிரி.

அதனாலதான் லிஃப்டையே நிறுத்த வச்சேன்! மூணு மாசம் முன்னாடி, அளவெல்லாம் நல்லா வந்துக்கிட்டிருந்தப்பவே, ஒரு முன்ஜாக்கிரதைக்கு. லிஃப்ட் மோட்டார்ல காந்தம் இருக்குன்னு நாலு லெட்டர் எழுதினேன். இப்போ மூணு மாடிக்கும் படிதான். என் முட்டி போச்சு, அது வேற கதை.

அப்படியும் ரெண்டு மாசமா அந்த ஆராய்ச்சிப் பொண்ணுக்கு அளவு கன்னாபின்னான்னு வருது. கை சரியில்ல, வேற என்ன? புரொபசர்கிட்ட நேராவே சொல்லிட்டேன். இன்னிக்கு நாலு மணிக்கு மூணாவது மாடில மீட்டிங். அவளை நிறுத்திடுவாங்க. அஞ்சு வருஷப் படிப்பு… பாவம்தான். நான் என்ன பண்றது? ஒவ்வொரு தடவையும் பக்கத்துலயே ஸ்டூலைப் போட்டு உக்காந்து கண்காணிச்சேன். இதோ, இந்த இடத்துலதான். இப்படித்தான் உக்காருவேன். போன மாசம் ஒரு நாள் நான் லீவு. அன்னிக்கு மட்டும் சுத்தமா வந்துச்சுன்னு பேப்பரை எடுத்துக்கிட்டு வந்து அழுதா. ஏதோ அதிர்ஷ்டம்னு சொல்லி அனுப்பிட்டேன்.

என்ன தம்பி, காந்தம் பாக்கற மீட்டரை ஏன் என் பக்கம் நீட்டறீங்க? எங்கிட்ட ஒண்ணுமில்ல. ஹேர்ப்பின் கூடக் கிடையாது, கொண்டையை நூலாலதான் கட்டறேன். என்னது… கீழ கொண்டு போனா ஏறுதா? முட்டிகிட்டயா?

அது… வலிக்குப் போடற பெல்ட்டு தம்பி. ரெண்டு மாசமாத்தான். நாத்தனார் வாங்கிக் குடுத்தது. உள்ள பன்னெண்டு…

பன்னெண்டு காந்தம்.

எல்லாரையும் தட்டுல போடச் சொன்னேன். என்னைப் போடச் சொல்ல ஒருத்தரும் இல்ல பாருங்க. ஐயோ, அந்தப் பொண்ணு முகத்துல எப்படி முழிப்பேன்? மணி என்ன? உங்க வாட்ச்சும் தட்டுல கிடக்கு. மூணே முக்காலா! திரும்பிக்கங்க, கழட்டணும். இதைக் கொண்டு போய் புரொபசர் மேஜை மேலயே வைக்கறேன். அவ கையில தப்பில்ல, என் முட்டியிலதான்னு நானே சொல்றேன். சீக்கிரம், லிஃப்ட்ல போனா…

லிஃப்ட்.

சரி, கையைக் குடுங்க தம்பி. இன்னொரு கையால பேன்ட்டைப் பிடிச்சுக்கங்க. படி இந்தப் பக்கம்.