பதின்மூன்று டிகிரி

பிரான்ஸிலிருந்து வரும் நல்ல போர்தோ சிவப்பு ஒயின் வாங்குவதற்குப் பெரிய பணக்காரனாக இருக்க வேண்டியதில்லை, சார். பொறுமை இருந்தால் போதும். பேர்போன திராட்சைத் தோட்டத்தை விட்டுவிட்டு, அதற்குப் பக்கத்து வேலியைப் பாருங்கள். மண் அதே மண்தான், பெயர்தான் வேறு. விமர்சகர்கள் மூக்கைச் சுளித்த வருஷங்களில் கெட்டிக்காரத் தோட்டக்காரன் என்ன செய்திருக்கிறான் என்று தேடுங்கள். அப்படித்தான் ஒரு கணக்கு வாத்தியாரின் சம்பளத்தில் முந்நூறு பாட்டில்களுக்கு மேல் சேர்த்தேன்.

வாங்கும்போது நான் பார்ப்பது ஒன்றுதான்: இன்னும் எத்தனை வருஷம் இருக்கிறது. இன்றைக்கு நாக்கைப் பிடித்து இழுக்கிற ஒயின் பத்து வருஷத்தில் பட்டு மாதிரி ஆகிவிடும். அதை யாரும் சீந்துவதில்லை, மலிவாகக் கிடைக்கும். உச்சம் தாண்டியதை இனாமாகக் கொடுத்தாலும் தொடமாட்டேன்.

ஆனால் பாட்டில்களை வைக்கும் நிலவறை பதின்மூன்று டிகிரியில் இருக்க வேண்டும். ஏறி இறங்கக் கூடாது. கோடை முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளாது. பாடம் நடத்தும்போதே கீழே ஏசி ஓடுகிறதா என்று மனசு அடித்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நிலவறைக்கு இறங்குவேன். வெப்பமானியைப் பார்ப்பேன், மேலே வருவேன், கதவைச் சரியாகச் சாத்தினேனா என்று மறுபடி இறங்குவேன். இப்போதும் உட்கார முடியவில்லை, மன்னிக்கவும். உங்கள் ஆட்கள் அந்தக் கதவைத் திறந்தே போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அக்கா என்னைக் கேலி செய்வாள். "பாட்டிலுக்கெல்லாம் ஏசி, எனக்கு மட்டும் விசிறியாடா?" என்பாள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். வீடும் அவளுடையது. நுரையீரல் கெட்டுப்போய், மூன்று வருஷமாக மாடி அறையில் ஆக்ஸிஜன் மெஷினோடு படுத்திருந்தாள். அவள்மேல் எனக்கு உயிர். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று பள்ளி விடுமுறை. மதியம் ஒன்றரைக்குக் கரண்ட் போனது. வெளியே அனல். எங்கள் ஜெனரேட்டர் சின்னது, ஏதாவது ஒன்றைத்தான் தாங்கும் என்று நான் எப்போதும் சொல்லிவந்தேன். அக்காவின் மெஷினுக்காக வாங்கியதுதான் அது. மாற்று ஆக்ஸிஜன் சிலிண்டர் காலியாக இருந்தது. அதை நிரப்பி வர முந்தின வாரம் கிளம்பினேன். வழியில் ஒயின் கடைக்காரர் போன் செய்தார். "சார், நீங்க கேட்ட பெட்டி வந்திருக்கு. இப்பவே வந்தா உங்களுக்கு." அங்கே போய்விட்டேன்.

டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். "ரெண்டு வருஷம் ஓட்டலாம் சார், அதுக்கு மேல கஷ்டம்." கீழே இருந்தவற்றுக்கு இன்னும் பத்து வருஷம், சிலவற்றுக்குப் பதினைந்து. ஜெனரேட்டர் வயரைக் கையில் வைத்துக்கொண்டு அரை நிமிஷம்தான் யோசித்தேன். பிறகு நிலவறை ஏசிக்குக் கொடுத்தேன்.

இரண்டையும் சேர்த்தே தாங்கியிருக்கும் என்று உங்கள் எலக்ட்ரீசியன் சொல்கிறாராம். இருக்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் பாரம் தாங்காமல் எல்லாம் நின்றுவிட்டால்? ஒயினை வைத்துக்கொண்டு அப்படிச் சோதித்துப் பார்க்க மனசு வரவில்லை.

"தம்பி, மெஷின் நின்னுடுச்சுடா" என்று மாடியிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள்.

"இதோ வந்துடும்க்கா" என்றேன்.

படியேறினேன். பாதியில் வெப்பமானி நினைவு வந்தது, இறங்கினேன். மறுபடி ஏறினேன், மறுபடி இறங்கினேன். முள் அசையவே இல்லை. அக்கா மொத்தம் ஏழு தடவை கூப்பிட்டாள், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெதுவாக. நான் ஆசைப்பட்டுக் கேட்ட எதற்கும் அவள் மாட்டேன் என்று சொன்னதே கிடையாது, சார். ஏழாவது தடவைக்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. சரி, சம்மதித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.