பொட்டு வைத்த பேட்டரி

— நான் சொல்ல மாட்டேன் லா, சுசீலா. அந்த டப்பா எங்க இருக்குன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்.

— பாம் ஷெல்ட்டர்ல, பழைய ஃபேனுக்குப் பின்னால. காலையிலயே எடுத்துப் பார்த்துட்டேன். மொத்தம் இருபத்து மூணு பேட்டரி. அதுல ஒன்னு பூரியாட்டம் உப்பிக் கிடக்கு.

— பாம் ஷெல்ட்டர்ல இருந்தா என்ன பயம்? சுவரு எவ்வளவு கனம் பாரு. சிங்கப்பூர் கவர்மெண்டே வீட்டோட சேர்த்துக் கட்டுனது.

— வெளியில குண்டு விழுந்தா நாம உள்ள ஓடுறதுக்குக் கட்டுனாங்க. நீங்க குண்டை உள்ள வச்சு இரும்புக் கதவச் சாத்தி வச்சிருக்கீங்க.

— பேட்டரியப் போயி குண்டுங்கிற. முப்பது வருசமா ஏர்கான் மாட்டுற இந்தத் தங்கராஜுக்குத் தெரியாதா, எது என்னன்னு?

— தெரிஞ்சவருதான் உப்புனத இத்தனை நாளு வச்சிருந்தீங்க. மூணு மணிக்கு நம்ம பொண்ணு வைஷாலி பச்சப்பிள்ளையோட ஆஸ்பத்திரியில இருந்து வர்றா. தொட்டில் போட்ட ரூமுக்கும் இந்த டப்பாவுக்கும் நடுவுல ஒரு சுவருதான். அவகிட்டச் சொல்லிட்டேன். டப்பா போனா இங்க வா, போகலைன்னா நேரா சிராங்கூனுக்கு, உன் மாமியார் வீட்டுக்குப் போயிடுன்னு.

— என் பேத்திய சிராங்கூனுக்கு அனுப்பிருவியா நீ?

— நான் எங்க அனுப்புறேன்? உங்க டப்பா அனுப்புது.

— கொஞ்சம் பொறுமையாக் கேளும்மா. எல்லாம் என் டிரில்லுக்குப் போட்ட பேட்டரி. வருசா வருசம் ஆயுத பூசைக்கு சந்தனம் தடவி, பொட்டு வச்சுக் கும்பிட்டிருக்கேன். பொட்டு வச்ச பொருளைக் குப்பையில போட மனசு வரல லா.

— குப்பையில போடச் சொன்னேனா? அங்க போட்டா குப்பை லாரியே பத்திக்கும். கம்யூனிட்டி கிளப்ல அதுக்குன்னு பெட்டி வச்சிருக்காங்க. கொண்டுபோயி, உள்ள இருக்கிற உலோகத்தப் பிரிச்செடுத்துப் புதுசு செய்ய அனுப்புவாங்க.

— புதுசுன்னா, மறுபடி பேட்டரியாவா?

— ஆகலாம். மறுபிறவின்னு வச்சுக்குங்களேன்.

— அப்படிச் சொல்லு. அப்ப சரி. ஆனா சும்மா அனுப்பக்கூடாது. டப்பாவக் கீழ வை, சூடம் கொளுத்தி ஒரு தடவை காட்டிடுறேன்.

— எதுக்குக் காட்டப் போறீங்க?

— பேட்டரிக்குத்தான்.

— பேட்டரி டப்பாவுக்கு நெருப்பு காட்டப் போறீங்க. பிள்ள வர்ற அன்னிக்கு. அந்தத் தீப்பெட்டிய இங்க குடுங்க.

— இந்தா. ஊதுபத்தி?

— அதென்ன பச்சத்தண்ணியிலயா எரியுது?

— பூவாவது வைக்கலாமா?

— ஒரே ஒரு பூ. வச்சதும் ஒவ்வொன்னுக்கும் முனையில டேப் ஒட்டுங்க, ஒன்னோட ஒன்னு உரசக்கூடாது. உப்புனதத் தொடாதீங்க. மணல் வாளியில வச்சு பால்கனிக்குக் கொண்டு போயிட்டேன். அதப் பெட்டியில போடக்கூடாதாம். போன் போட்டுக் கேட்டேன், தனியா நேர்ல கொண்டு போயிக் குடுக்கணுமாம்.

— அந்த உப்புனது எதுன்னு தெரியுமா உனக்கு? வைஷாலி செகண்டரி ஸ்கூல் போனப்ப வாங்குன டிரில்லோட பேட்டரி. அவ ரூம் ஏர்கான அதாலதான் மாட்டுனேன். இன்னிக்கு அவ பிள்ள அந்த ஏர்கானுக்குக் கீழதான் தூங்கப் போகுது.

— தெரியும்ங்க. எனக்கு மட்டும் வருத்தமில்லையா? அந்த ரூம்ல பிள்ள நிம்மதியாத் தூங்கட்டும்னுதான் கெஞ்சுறேன்.

— சரி, சரி. டேப்பக் குடு.

— இருங்க, இந்த ஓரம் சரியா ஒட்டல. ம். இது கடைசி.

— இருபத்து ரெண்டும் முடிஞ்சது. சொன்னா நம்ப மாட்ட, மனசு லேசா இருக்கு. இனிமே நம்ம வீட்ல பழைய பேட்டரின்னு பேச்சே கிடையாது.

— உங்க போன் அடிக்குது. வைஷாலிதான். ஸ்பீக்கர்ல போடுங்க.

— அப்பா, சீக்கிரமே டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க. கீழ கார்பார்க்ல இருக்கோம்.

— டப்பா கிளம்பிருச்சும்மா. நீ தாராளமா மேல வா.

— அம்மாவும் பக்கத்துல இருக்காங்களா? ஸாரி மா, கோபப்படாதீங்க. சிராங்கூன் மாமாவோட பழைய எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரி நாலு எங்க கார் பூட்ல இருக்கு. பேத்தி வந்து போற வீட்ல இதெல்லாம் ஆகாதுன்னு அத்தை பிடிவாதமாச் சொல்லிட்டாங்களாம், அதான் அப்பாகிட்டக் குடுத்தா பத்திரமா வச்சிருப்பாருன்னு மாமா எங்ககிட்டயே குடுத்து விட்டாரு.