ஃப்ளோராபெல்லுக்கான ஆதரவு விருந்து

காபி நன்றாக இருக்கிறது, மேடம். சர்க்கரை கொஞ்சம் தூக்கல். எனக்கு அப்படித்தான் பிடிக்கும். நீங்கள் கேட்டதைவிட நான் கொஞ்சம் கூடவே பேசுவேன். செபுக்காரனைப் பேசச் சொல்லிவிட்டு நிறுத்துவது கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும்.

செபு நகரத்து மாபோலோவில், மனாங் என்று நாங்கள் கூப்பிடும் உபெங் அக்காவின் ரொட்டிக் கடை இருக்கிறதே, அதன் மாடியை வாடகைக்கு எடுத்திருப்பவன் நான். நெஸ்டோர் கபாஹுக். ஆனால் மாடிக்கு வருகிறவர்கள் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் நான் குயா, அண்ணன். சில மேசைகள், மின்விசிறிகள், இன்டர்நெட், மூலையில் ஒரு கரோக்கே பெட்டி. காலையில் கீழேயிருந்து ரொட்டி வாசனை ஏறி வரும்போது ஒவ்வொருவராக வந்து மடிக்கணினியைத் திறப்பார்கள். கம்பெனி இல்லை, முதலாளி இல்லை. தனி ஆளாகச் செல்போன் செயலி எழுதுகிறவர்கள். எழுதி, ஆப் கடையில் போட்டுவிட்டு, உலகம் கவனிக்கும் என்று காத்திருப்பார்கள். உலகம் கவனிக்காது.

கவனிக்க வைக்க நாங்கள் செய்யாத கூத்து இல்லை. ரோடெலியோ ஒரு விளையாட்டு எழுதினான். முழுசாக நெருப்பில் வாட்டும் லெச்சோன் ஆகாமல் தப்பித்து ஓடும் பன்றி. திருவிழாவில் பன்றி வாட்டும் கடையிலேயே அதற்கு விளம்பரம் ஒட்டினோம். ஜனங்கள் எண்ணெய்க் கையோடு விளம்பரத்திலிருந்த கியூஆர் கட்டத்துக்கு நேரே போனைப் பிடித்தார்கள். ஒரு போனிலும் அது பதியவில்லை. ஆனால் விளம்பரத்தைப் பார்க்க நின்ற கூட்டத்தில் கடைக்காரருக்கு மத்தியானத்துக்குள் எல்லாப் பன்றியும் விற்றுப்போனது.

"நம்ம விளம்பரத்துல பன்னிதான் செத்துச்சு குயா," என்றான் ரோடெலியோ. அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் எனக்கு விலாவே பிடித்துக்கொண்டது. அப்படிப்பட்ட பிள்ளைகள், மேடம்.

இரண்டாவது கஷ்டம், நீக்கம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் செயலியை ஒருநாள் காலையில் கடையிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஏன் என்று கேட்டால் விதிப்படி என்று பதில் வரும். எந்த விதி என்று கேட்டால் அதே பதில் மறுபடியும் வரும். முதலில் நீக்கப்பட்டது என்னுடையதுதான். பாட்டுக்கு மதிப்பெண் போடும் செயலி. எங்கேயோ யாரோ, பெயர் தன்னுடையதைப் போலிருக்கிறது என்று புகார் கொடுத்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் மாடி நிறைந்துவிட்டது. அதற்கு முன்னால் என்னோடு நாலு வார்த்தை பேசாதவர்கள்கூடப் பன்சித் நூடுல்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். எல்லாரும் சேர்ந்து தொண்டை கட்டும் வரை பாடினோம். என் செயலி பிறகு திரும்பி வந்தது. அதை யாரும் பயன்படுத்தவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. அந்தச் சாயங்காலம் மட்டும் மனதில் தங்கிவிட்டது. அதோடு, மேல்முறையீடு எழுதும் வித்தை எனக்குக் கைவந்துவிட்டது. பணிவாகவும் இருக்க வேண்டும், கெஞ்சவும் கூடாது. ஆப் கடைக்காரர்களுக்கு அப்படி எழுதினால்தான் காது கேட்கும். அதிலிருந்து யாருக்கு நீக்கம் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள்.

பிறகு ரோடெலியோவின் பன்றி ஓட ஆரம்பித்தது. திருவிழாவினால் இல்லை; மணிலாவில் யாரோ ஒரு நடிகை பஸ்ஸில் அதை விளையாடும் வீடியோ பரவியது. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவன் காதை முழுக்க மூடும் பெரிய ஹெட்போன் ஒன்று வாங்கிக்கொண்டான். சாப்பிடக் கூப்பிட்டால் கையை மட்டும் ஆட்டுவான். பாடுவதை நிறுத்திவிட்டான். சிங்கப்பூர், சிங்கப்பூர் என்று போனில் பேசிக்கொண்டிருந்தான்.

அந்த வாரமே அவனுடைய விளையாட்டு நீக்கப்பட்டது.

நீங்கள் அன்று மாடியைப் பார்த்திருக்க வேண்டும். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு என் மேசைக்கு வந்து உட்கார்ந்தான். "என்ன செய்யறது குயா, சொல்லுங்க," என்றான். எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். மனாங் உபெங் சூடான பன்னைக் கூடையோடு மேலே கொண்டு வந்து, "பன்னிக்காரா, முதல்ல தின்னு. அப்புறமா அழு," என்று அதட்டினார். நான் மேல்முறையீடு எழுதினேன். சில நாளில் பன்றி திரும்பி வந்தது. என்னைத் தோளில் தூக்கிவைத்து ஆடினார்கள்.

புகார் கொடுத்ததும் நான்தான். அதை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். கதையின் ஓட்டத்தில் விட்டுப்போய்விட்டது. புளூ லான்டர்ன் என்று ஒரு கம்பெனிப் பெயர் வைத்துக்கொண்டேன். அந்தப் பன்றி எங்கள் பன்றியின் நகல் என்று எழுதினேன். தொடர்புக்கு ஒரு எண் வேண்டும் என்றார்கள்; மலிவாக ஒரு போன் வாங்கி, அதில் வரும் ஓடிபி குறியீட்டுக்காக மட்டும் ஆன் செய்துவிட்டு அணைத்து வைத்தேன். வேண்டியபோது புகாரைத் திரும்பப் பெற்றால் செயலி திரும்பி வந்துவிடும். யாருக்கும் நஷ்டம் இல்லை. கொஞ்சம் கவலை, நிறையப் பாட்டு.

அதற்குப் பிறகும் ரோடெலியோ சிங்கப்பூர் போனான். விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்து, "நீங்க இல்லன்னா என் பன்னி அன்னிக்கே அடுப்புல ஏறியிருக்கும் குயா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மற்றவர்களுக்கும் செய்தேன். முறை வைத்துத்தான் செய்தேன், மேடம். ஒருவருக்கே திரும்பத் திரும்ப வரக்கூடாது அல்லவா. வீட்டில் உடம்பு சரியில்லாதவர்கள், புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் பக்கம் போகவே மாட்டேன். மாடி கொஞ்சம் சோர்ந்தாற்போல் இருந்தால், ஹெட்போன்கள் பெருகினால், யாராவது ஊரை விட்டுப் போவதைப் பற்றிப் பேசினால், அப்போதுதான். செபுவில் எங்களைப் போல ஒற்றுமையான கூட்டம் வேறு இல்லை என்று பத்திரிகையிலேயே எழுதினார்கள்.

இனி ஃப்ளோராபெல். நீங்கள் அதற்குத்தான் காத்திருக்கிறீர்கள்.

ஒலாங்கோ தீவுப் பெண். அப்பா இஸ்கோ படகோட்டி; பெரியவர் என்பதால் மனோங் சேர்த்துத்தான் கூப்பிடுவோம். அவள் எழுதிய செயலி படகுக்காரர்களுக்கானது. எந்தப் படகு எப்போது கிளம்புகிறது என்று காட்டும். வானிலை நிலையம் திடீர்க் காற்று எச்சரிக்கை விட்டால் போன் சங்கு ஊதும். படகு இஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்கிற சங்கு. அந்த ஒலியைச் சரிபார்க்க அவள் அப்பாவையே மாடிக்குக் கூட்டி வந்தாள். அவர் மின்விசிறிகளையெல்லாம் முழு வேகத்தில் வைத்து, கரோக்கேயையும் அலறவிட்டு, காதில் கை வைத்துக்கொண்டு நின்றார். சங்கு ஊதியதும் கீழே மனாங் உபெங் மாவுத் தட்டைப் போட்டுவிட்டார்.

"இது காத்துக்கு எச்சரிக்கையா, செத்தவங்களை எழுப்பவா?" என்று கீழேயிருந்து கத்தினார்.

"ரெண்டுக்கும் ஆகும்," என்றார் மனோங் இஸ்கோ.

வரும்போதெல்லாம் கருவாடு கொண்டு வருவார். என்னைத் தம்பி என்பார். நான் பாடினால் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிற ஒரே ஆள் அவர்தான்.

அந்தச் செயலியை ஊரில் சேர்க்க நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே. ரொட்டிப் பையில் அச்சடித்தோம். படகுத்துறையில் நான் மீன் வேஷம் போட்டு ஆடினேன். ஒரு நாய் என் வாலைக் கவ்விக்கொண்டு போனது. ஃப்ளோரா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாத் தீவிலும் அது பரவியது. பிறகு சிங்கப்பூரிலிருந்து ரோடெலியோ பேசினான். அவன் கம்பெனி அவளை எடுத்துக்கொள்ளும் என்றான். அவள் என்னிடம் வந்து, "குயா, போகட்டுமா?" என்று கேட்டாள்.

"இது கேக்கற கேள்வியா, போ," என்றேன். முழு மனதோடுதான் சொன்னேன்.

மறுநாள் புளூ லான்டர்ன் புகார் கொடுத்தது.

செயலி நீக்கப்பட்டது. ஆப் கடையில் அவள் கணக்கும் முடங்கியது. முடிந்தால் சொல்லுங்கள், மேடம், இதில் எந்த இடத்தில் ஆபத்து தெரிகிறது? ஏற்கெனவே போனில் போட்டவர்களுக்குச் செயலி வேலை செய்துகொண்டுதான் இருந்தது. அதை நான் யோசித்துத்தான் செய்தேன். போன்களுக்கே ஒரு புது அப்டேட் வரும், அதில் சங்கு ஊமையாகிவிடும் என்று எனக்கு எப்படித் தெரியும்? வந்தது. சங்கு நின்றது. எச்சரிக்கை எழுத்தில் மட்டும் வரும், சத்தம் இல்லை.

ஃப்ளோரா ஒரே மத்தியானத்தில் அதைச் சரிசெய்துவிட்டாள். கெட்டிக்காரி. ஆனால் சரிசெய்ததைப் போன்களுக்கு அனுப்ப வழியில்லை. கணக்கு முடங்கிக் கிடந்தது.

"குயா, மேல்முறையீட்ட இன்னிக்கே அனுப்பிடுங்க. அப்பா காதுல சங்கு விழணும்," என்றாள்.

"அனுப்பிட்டேன்மா," என்றேன்.

எழுதி வைத்திருந்தேன், நன்றாகவே வந்திருந்தது. அனுப்பவில்லை. காரணம் இருக்கிறது. சனிக்கிழமை அவளுக்காக ஓர் ஆதரவு விருந்து ஏற்பாடு செய்திருந்தேன். பலகை எழுதியாகிவிட்டது. பன்றிக்குச் சொல்லியாகிவிட்டது. பழைய ஆட்கள் எல்லாரும் வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். சண்டை போட்டுக்கொண்டு பேசாமலிருந்தவர்கள்கூட. வெள்ளிக்கிழமையே செயலி திரும்பி வந்துவிட்டால் விருந்து எதற்கு? ஞாயிறு காலையில் புகாரைத் திரும்பப் பெறுவதாக இருந்தேன். ஒரு பொத்தானை அமுக்கினால் போதும்.

அவள் சும்மா இருக்கவில்லை. தெரிந்த படகுக்காரர்களையெல்லாம் தினமும் போனில் அழைத்து வானத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். நீக்க அறிவிப்பில் இருந்த புளூ லான்டர்னின் எண்ணையும் அழைத்துக்கொண்டே இருந்தாள்.

"போனை அணைச்சே வெச்சிருக்காங்க குயா. மனுசங்கதானே? ஒரு தடவை பேசினா புரிஞ்சுக்க மாட்டாங்களா?" என்றாள்.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். ஆறுதலாக நாலு வார்த்தை சொன்னேன். அந்த நேரத்தில் யாராவது கூட இருப்பது பெரிய விஷயம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் காற்று வந்தது. மனோங் இஸ்கோ பக்கத்துத் தீவிலிருந்து பயணிகளை ஏற்றிக்கொண்டு பாதி வழியில் இருந்தார். எச்சரிக்கை அவர் போனுக்கு வந்திருக்கிறது. பிறகு கண்டெடுத்த போனில் அது இருந்தது. இஞ்சின் சத்தத்தில் அவருக்கு எப்படித் தெரியும்? படகு கவிழ்ந்தது. பயணிகள் எல்லாரும் பிழைத்தார்கள். மிதவைச் சட்டை ஒன்று குறைந்தது. அவர் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார். அவருடைய குணத்துக்கு அப்படித்தான் செய்வார்.

விருந்துக்குச் சொல்லியிருந்த பன்றியைத் துக்க வீட்டுக்கே அனுப்பச் சொன்னேன். நாற்காலிகளையும்தான். யாராவது பொறுப்பெடுத்துக்கொள்ள வேண்டுமே. ஒலாங்கோவில் அந்த வீட்டு முற்றம் கொள்ளவில்லை, மேடம். மாடிக்கு என்றைக்கோ வந்து போனவர்கள்கூட வந்திருந்தார்கள். எங்கள் ஊர்த் துக்க வழக்கப்படி சவப்பெட்டியருகே உட்கார்ந்து சீட்டாடினார்கள், பிஸ்கட் தின்றார்கள், அவருடைய சங்குக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், அழுதார்கள். ரோடெலியோ சிங்கப்பூரிலிருந்து ஓடி வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். ஃப்ளோரா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு இனிமே நீங்கதான் குயா," என்றாள். அவள் கை சில்லென்று இருந்தது. விடவே இல்லை.

அப்போதுதான் புகார் ஞாபகம் வந்தது. ஏற்பாடுகளில் அதை மறந்தே போயிருந்தேன். திரும்பப் பெறக் குறியீடு வர வேண்டும் என்று அந்தப் புளூ லான்டர்ன் போனைப் பையிலேயே ஆன் செய்து வைத்தேன். நானாகத்தான் திரும்பப் பெறப் போனேன். அதை நீங்கள் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும்.

ரோடெலியோ ஃப்ளோராவின் போனில் நீக்க அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தான். "புளூ லான்டர்னா? என் பன்னிய எடுத்ததும் இதே நாய்ங்கதான். இன்னிக்கு என்கிட்ட நாலு கேக்கட்டும்," என்று அதிலிருந்த எண்ணை அழுத்தினான்.

என் பை பாட ஆரம்பித்தது.

முற்றத்தில் சீட்டு போடுகிற சத்தம் நின்றது. ஃப்ளோரா என் கையிலிருந்து அவள் கையை எடுத்தாள். வேகமாக எடுக்கவில்லை. சூடான பாத்திரத்தை மெதுவாகக் கீழே வைப்பதுபோல எடுத்தாள். யாரும் என்னை அடிக்கவில்லை. "ஏன் குயா?" என்று அவள் மட்டும் கேட்டாள். விருந்தைப் பற்றிச் சொன்னேன். அவளுக்கு அந்த நேரத்தில் புரிந்துகொள்ளும் நிலை இல்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள், மேடம். புகார்கள் எல்லாம் என்னுடையவை. அனுப்பாத மேல்முறையீடும் என்னுடையது. சங்கு ஊதாது என்று தெரிந்தபிறகும் வெள்ளிக்கிழமை வரை சும்மா இருந்தவன் நான்தான். எங்கே காட்டுகிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன்.

என்மீது புகார் எழுதிக் கொடுக்க எல்லாரும் ஸ்டேஷனுக்கு வந்து கீழே இருக்கிறார்கள் என்று சொன்னீர்களே. எல்லாருமா? ரோடெலியோவும் சிங்கப்பூருக்குத் திரும்பாமல் இருக்கிறானா? மனாங் உபெங் கூடக் கடையை மூடிவிட்டா வந்திருக்கிறார்? ஃப்ளோராவைத் தனியாக விடாமல் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள் என்றீர்கள்.

பார்த்தீர்களா. நான் இல்லாவிட்டால் இவர்களை இப்படி ஒன்றாகச் சேர்க்க முடியுமா? கீழே எல்லாருக்கும் உட்கார நாற்காலி இருக்கிறதா, மேடம்?