பெரிய வியாழனுக்குக் கழுவும் கால்

அரியாங்குப்பம் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது. எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள், கழுத்தில் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் அடையாள அட்டை. ஜன்னலோரப் பெண் சொன்னதைக் கேட்டபின் நான் போனைப் பையில் வைத்துவிட்டேன்.

“என்னைய சஸ்பெண்ட் பண்ணுன ஃபாதரே பெரிய வியாழனுக்கு என் கால கழுவப் போறாராம்.”

ஈஸ்டருக்கு முந்தைய அந்த வியாழன் பூசையில், இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல், குருவானவர் மண்டியிட்டுப் பன்னிரண்டு பேரின் பாதம் கழுவுவது வழக்கம்.

“பன்னெண்டு பேருல நீயுமா? நல்லதுதானடி. சமாதானத்துக்கு வர்றாரு.”

“ஹாஸ்டல் சாப்பாடு சரியில்லன்னு நானும் தேவியும் சேந்துதான் போய் சொன்னோம். ரெண்டு பேரையும் சஸ்பெண்ட் பண்ணாரு. எங்கப்பா மன்னிப்பு கேட்டாரு, என்னைய உள்ள வுட்டுட்டாங்க. அவளுக்குப் போய்க் கேக்க ஆளு இல்ல. இன்னும் வூட்லதான் கெடக்குறா. ஈஸ்டர் முடிஞ்சா பரீட்ச.”

“அத பூசையில பேசப் போறியா?”

“பேச மாட்டேன்.”

“அப்ப போவாத. ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடு.”

“போவேன். சொன்ன எடத்துல ஒக்காருவேன். தண்ணியும் துண்டுமா வந்து என் முன்னாடி மண்டி போடுவாரு இல்ல?”

தோழி சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

“போட்டா?”

“கால நீட்ட மாட்டேன்.”

“கோயில் பூரா பாக்கும்டி. அப்புறம் நீயும் வூட்லதான்.”

“பாக்கட்டும். ஏன்னு அவருக்குத் தெரியும். எவ்ளோ நேரம் மண்டி போட்டிருக்காருன்னு நானும் பாக்குறேன்.”