முதலில் பெட்டிக்குப் பின்னால் பாருங்கள்

டிவியில் படம் கட்டம் கட்டமாக உடைந்தால், தயவுசெய்து எடுத்த எடுப்பில் மாடிக்கு ஏறாதீர்கள், ஐயா. முதலில் பெட்டிக்குப் பின்னால் பாருங்கள். ஆன்டெனா வயர் செருகும் இடம் லேசாகக் கழன்றிருக்கும். அழுத்திச் செருகினால் தீர்ந்தது. டிவி கடையில் வேலை பார்த்தபோது இதைச் சொல்லிச் சொல்லியே என் வாய் வலித்தது. யார் கேட்டார்கள்? மேலே ஏறிக் கம்பத்தைத் திருப்பினால்தான் எல்லோருக்கும் ரிப்பேர் பார்த்த திருப்தி.

அந்தக் கடையை விட்டு நானாகத்தான் நின்றேன். நான் உட்கார்ந்திருப்பது முதலாளிக்குப் பிடிக்கவில்லை, நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு அக்காவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று அவள் வீட்டுக்கே வந்துவிட்டேன். அவள் கணவர் என்ற முறையில் அத்தானும் அதே வீட்டில்தான் இருந்தார். அதற்கு நான் ஒரு நாளும் ஆட்சேபம் சொன்னதில்லை.

அத்தானைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பஸ் டிப்போவில் மேற்பார்வையாளர். வேலைக்குப் போவார், வருவார், பாத்திரம்கூடக் கழுவுவார். ஆனால் டிவிக்கு எதிரே இருந்த சாய்வு நாற்காலியை மட்டும் ஒரு மாதிரி பார்ப்பார். அதில் நான் இருப்பேன். ஒரு சனிக்கிழமை சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"மச்சான், தப்பா எடுத்துக்காத. அடுத்த மாசத்துக்குள்ள உனக்குன்னு ஒரு ரூம் பாத்துக்கோ. நாங்களும் கொஞ்சம் எங்க பொழப்பப் பாக்கணும்ல."

"இதுல தப்பா எடுத்துக்க என்ன இருக்கு, அத்தான்" என்றேன். அக்கா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடப் பிறந்த பாவத்துக்கு ஒரு வார்த்தை எனக்காகப் பேசியிருக்கலாம். பேசவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நான் எதையும் பெரிதுபடுத்துகிறவன் இல்லை.

மறுநாள் காலையில் படம் உடைந்தது. வயரை நான்தான் லேசாக இழுத்துவிட்டிருந்தேன்.

"ராத்திரி அடிச்ச காத்துல ஆன்டெனா திரும்பியிருக்கும், அத்தான். எனக்கு உயரம் ஆகாது, தலை சுத்தும்" என்றேன். உதவி என்று கேட்டால் அவருக்கு இல்லை என்று சொல்ல வராது. முந்தின நாள் தானே வெளியே போகச் சொன்ன ஆளுக்காக ஸ்பானரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவ்வளவு நல்லவர்.

ஆன்டெனா கம்பம் தண்ணீர்த் தொட்டியின் தலையில் நிற்கிறது. அங்கே கைப்பிடிச் சுவர் கிடையாது, அதை வீட்டைக் கட்டியவர்களைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். முறை உங்களுக்கே தெரியும். ஒருவர் மேலே திருப்புவார், ஒருவர் டிவியைப் பார்த்து ஜன்னல் வழியாகக் கத்துவார். கத்துகிற வேலையை அக்காவுக்குக் கொடுத்தேன். "அத்தான் ஆன்டெனா பக்கத்துலயே நின்னா சிக்னலை மறைக்கும்க்கா, தள்ளித் தள்ளி நிக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, கனெக்‌ஷன் பார்ப்பதாகப் பெட்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டேன்.

அங்கிருந்து பார்த்தால் ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுச் சுவர் தெரியும். காலை வெயிலில் தொட்டியின் நிழலும் அதன்மேல் அத்தானின் நிழலும் அதில் நன்றாக விழுந்திருந்தன. நிழல் ஓரத்துக்கு நகர்ந்தால் வயரை அழுத்தினேன், படம் வந்தது. உள்ளே நகர்ந்தால் இழுத்தேன், படம் உடைந்தது. குழந்தைக்குப் பொம்மை காட்டி நடக்கப் பழக்குகிற மாதிரிதான், பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

"என்னங்க, இப்ப தெரியுது. ஐயோ, போச்சு. முன்ன நின்ன எடத்துக்கே போங்க. ஆங், வந்துடுச்சு. இன்னும் கொஞ்சம் பின்னால" என்று அக்கா கத்தினாள். அவர் ஆன்டெனாவை அண்ணாந்து பார்த்துக்கொண்டே பின்னால் போனார். பெண்டாட்டி சொல்லைத் தட்டாதவர்.

சுவரில் தொட்டியின் நிழல் மட்டும் மிஞ்சியது. படம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. "போதும்ங்க, அப்படியே நில்லுங்க" என்று அக்கா சிரித்துக்கொண்டே கத்திக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்து வயரை ஒழுங்காகச் செருகினேன். அன்றிலிருந்து படம் ஒரு தடவைகூட உடைந்ததில்லை. "உன்மேல தப்பே இல்லக்கா" என்று அவளுக்குத் தினமும் ஆறுதல் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல, தன்மேல்தான் தப்பு என்பது அவளுக்கு உறுதியாகிவிட்டது. சரியாகத் தூங்குவதில்லை, டிவி பக்கம் திரும்புவதும் இல்லை. வேளைக்குச் சமைத்துப் போட்டாள். ரூம் பார்க்கிற பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை.

இன்று காலை அவள் ஸ்டேஷனுக்கு வந்து, "என் புருஷனை நான்தான் சொல்லிச் சொல்லியே கொன்னேன்" என்று அழுதாளாமே. தவறு, ஐயா. அவள் ஒரு பாவமும் அறியாதவள். கொன்றது நான். வயர் என் கையில் இருந்தது, தெரிந்தேதான் செய்தேன். அக்காவுக்காக இந்த ஒரு உண்மையைக்கூடச் சொல்லாவிட்டால் நான் என்ன தம்பி?

ஆக, விஷயம் தெளிவாகிவிட்டது. அவளைச் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள். காலையிலிருந்து வீட்டில் அடுப்பு பற்றவைக்கவில்லை, பசி வந்தால் எனக்குத் தலை சுற்றும். வெளியே ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன், இரண்டு பேரும் அதிலேயே வீட்டுக்குப் போய்விடுகிறோம்.